பதில்: கரும்பு உயரத் தரவில் ‘சிங்குலர் கிரேடியன்ட்’ பிழை

வணக்கம். மொரீஷியஸின் ஃப்ளாக் பக்கத்து மறுதாம்புக் கரும்பின் (வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் துளிர்ப்பது) உயரத்துக்கு ஆர் மென்பொருளில் லாஜிஸ்டிக் வளைவு (எஸ் வடிவ வளர்ச்சி வளைவு) பொருத்தும்போது, அதற்கான செயற்கூறு என்எல்எஸ் (nls) ‘சிங்குலர் கிரேடியன்ட்’ என்று நின்றுவிடுகிறது என்கிறீர்கள். தரவில் குறையில்லை. உச்சவரம்பு (வளைவு கடைசியில் எட்டும் உயரம்), நடுநாள், அளவு ஆகிய மூன்றின் தொடக்க மதிப்புகளையும் 1 என்று கொடுத்ததுதான் வினை. நடுநாள் 1, அளவு 1 என்றால், உங்கள் முதல் அளவீடான 40ஆம் நாளிலேயே வளைவு உச்சியில் தட்டையாகிவிடும். அவ்விரண்டையும் சற்று அசைத்தாலும் கணித்த உயரம் மாறாது. எந்தப் பக்கம் நகர்வதென்று நிரலுக்குத் தெரியாது.

முதலில் படம் வரையுங்கள். அதிக உயரம் 270 செ.மீ. என்றால் உச்சவரம்புக்கு 285 கொடுக்கலாம். அதில் பாதி உயரத்தை எட்டிய நாள்தான் நடுநாள். அங்கிருந்து உச்சவரம்பின் 73 விழுக்காட்டை எட்ட ஆகும் நாட்களே அளவு. இதுவும் வேண்டாமென்றால் எஸ்எஸ்லாஜிஸ் (SSlogis) என்ற ஆயத்த வளைவைப் போடுங்கள், தொடக்க மதிப்பை அதுவே கண்டுகொள்ளும்.

என்எல்எஸ்எல்எம் (nlsLM) என்ற மாற்றுச் செயற்கூறுக்குத் தாவும் முன் ஒன்று: அதே 1-களைக் கொடுத்தால் அது முறையிடாமல் சராசரியில் ஒரு படுக்கைக் கோட்டைத் தந்துவிடக்கூடும். பிழைச்செய்தியே மேல்!

வளர்ச்சி அடங்குமுன்பே வெட்டியிருந்தால் உச்சவரம்பின் திட்டப்பிழை (மதிப்பீட்டின் நிச்சயமின்மை) மிகப் பெரிதாக வரும். அந்த உச்சவரம்பு எண்ணை நம்பாதீர்கள். ஜூனில் வெட்டிய வயலையும் டிசம்பரில் வெட்டிய வயலையும் ஒரே வளைவில் சேர்க்கவும் வேண்டாம். ஜூனில் அங்கே குளிர்காலம் என்பதால் முன்னது மெதுவாகத் துளிர்க்கும். நாட்களுக்குப் பதில் வெப்ப அலகுகளை (நாள்தோறும் சேரும் வெப்பத்தின் கூட்டுத்தொகை) எக்ஸ் அச்சில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் அளந்தவை அதே தண்டுகள் என்றால், தண்டுக்குத் தண்டு உள்ள வேறுபாட்டையும் கணக்கில் எடுக்கும் என்எல்எம்ஈ (nlme)தான் சரி.