ஹீட் சிங்க்கைக் கழற்றினால் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றியே ஆக வேண்டுமா?

ஆமாம், மாற்றத்தான் வேண்டும். சூடாகும் பாகத்தின் வெப்பத்தை வாங்கி வெளியே விடும் உலோகப் பாகம்தான் ஹீட் சிங்க்; இரண்டுக்கும் நடுவே பூசும் பசைதான் தெர்மல் பேஸ்ட். பிரித்த பேஸ்ட்டின் மேலேயே மறுபடி அமர்த்தினால் இடையில் காற்று சிக்கிக்கொள்ளும். அந்தக் காற்றை வெளியேற்றத்தான் பேஸ்ட்டே பூசுகிறோம். வெப்பம் கடத்தும் திறனில், மீட்டர் கெல்வினுக்கு வாட் கணக்கில், செம்பு சுமார் 400. காற்று வெறும் 0.026. சாதாரண பேஸ்ட்டுகள் பெரும்பாலும் ஒற்றை இலக்கம்தான். காற்றுக்கு அது எவ்வளவோ மேல், உலோகத்துக்கு முன் ஒன்றுமே இல்லை. அப்படியிருக்க, தாராளமாக அப்பினால் நன்றாகக் குளிரும் என்று எப்படித்தான் நம்புகிறார்களோ!

கணினி என்றால், சற்றுச் சூடாக இருக்கும்போதே மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கழற்றுங்கள். ஹீட் சிங்க்கை நேராக இழுக்காமல் இடவலமாக லேசாகத் திருகுங்கள். இல்லாவிட்டால் அடியில் ஊசிக்கால்கள் உள்ள பிராசசர் அதோடு ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரலாம்.

காய்ந்த பேஸ்ட்டை ஸ்க்ரூடிரைவரால் சுரண்ட வேண்டாம். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து, சிறிது நேரம் அதன்மேல் வைத்திருந்தால் இளகிவிடும். துணி நூல் உதிராததாக இருக்கட்டும். ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடையுங்கள். துணியில் சாம்பல் கறை படிவது நிற்கும் வரை விடாதீர்கள். துடைத்த இடத்தில் விரல் படக் கூடாது.

உலோக மூடியுள்ள பிராசசருக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு போதும். மூடியில்லாத மடிக்கணினிச் சிப் என்றால் முழுப் பரப்பும் மறையும்படி மெல்லியதாகத் தடவுங்கள். திருகுகளை எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும்.

ரப்பர் போன்ற தெர்மல் பேட் இருந்த இடத்தில் பேஸ்ட் பூசாதீர்கள், அந்த இடைவெளியை அது நிரப்பாது. அதே தடிமனில் வேறு பேட்தான் வைக்க வேண்டும்.

ஆம்ப்ளிஃபையரில் கதை வேறு. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டர்களில் மின்னழுத்தம் மிச்சமில்லை என்று பார்த்த பிறகே கை வையுங்கள். டிரான்சிஸ்டருக்கு அடியில் கண்ணாடிச் சில்லுபோல, மின்சாரம் கடத்தாத ஒரு மைக்கா தகடு இருக்கலாம். அழுக்கென்று நினைத்து எறிந்துவிடாதீர்கள். டிரான்சிஸ்டரின் உலோக முதுகு பெரும்பாலும் அதன் கலெக்டர் என்ற மின்முனையோடு இணைந்தது, அது ஹீட் சிங்க்கைத் தொடாமல் காப்பது அந்தத் தகடுதான். அதன் இரு பக்கமும் பேஸ்ட் தடவிப் பொருத்திய பின், டிரான்சிஸ்டரின் முதுகுக்கும் ஹீட் சிங்க்குக்கும் இடையே மல்டிமீட்டரை, மின்தொடர்பு இருந்தால் ஒலிக்கும் கன்டினியூட்டி நிலையில் வையுங்கள். பீப் ஒலி வந்தால் மறுபடி கழற்றுங்கள்; தகடு விரிசல் விட்டிருக்கும் அல்லது திருகின் காப்பு வளையம் விடுபட்டிருக்கும்.