கொழுந்தை வெட்டுங்கள்

“ஐயா, கிருஷ்ணகிரி பக்கம் அடர்நடவில் பெங்களூரா மா ஒட்டுக்கன்று வைத்து இரண்டு வருடம் ஆகிறது. பாதிக் கன்றுகள் கிளையே விடாமல் ஒரே குச்சியாக மேலே போகின்றன. பேக்லோபுட்ரசால் ஊற்றினால் வளர்த்தி அடங்கி சீக்கிரம் காய்க்கும் என்கிறார் மருந்துக் கடைக்காரர். கன்றுக்கு எத்தனை மில்லி? கூடவே ஹார்மோன் டானிக் அடிக்கலாமா?”

அன்புள்ள தம்பி,

மில்லிக் கணக்கு சொல்ல மாட்டேன். அந்த மருந்து, மரம் தனக்குள் ஜிப்ரெலின் உண்டாக்குவதைத் தடுக்கிறது. ஜிப்ரெலின்தான் தண்டை நீளச் செய்கிற முக்கிய ஹார்மோன். காய்க்கிற மரத்துக்கு அளவு பார்த்துக் கொடுப்பது வேறு; உடம்பு பிடிக்க வேண்டிய இரண்டு வயதுக் கன்றுக்கு ஏன் இந்தத் தண்டனை? மண்ணிலும் அது லேசில் போகாது. டானிக் பேச்சை விடுங்கள்.

குச்சியாகப் போகிறது என்றீர்களே, கொஞ்ச நாளாக நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். நுனிக் கொழுந்தில் உண்டாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியாகக் கீழே இறங்குகிறது, மணிக்குச் சுமார் 1 சென்டிமீட்டர். தண்டில் ஒரு துண்டை நறுக்கித் தலைகீழாக நிறுத்தினாலும் பழைய நுனியிலிருந்து பழைய அடிக்குத்தான் போகும், அதாவது இப்போது மேல்நோக்கி! புவியீர்ப்பு இழுத்துப் போவதில்லை. ஒவ்வொரு செல்லும் தன் அடிப்பக்கச் சவ்வில் இருக்கிற புரதங்கள் வழியாக அடுத்த செல்லுக்குத் தள்ளிவிடுகிறது. இந்த ஓட்டம் இருக்கும்வரை பக்க மொட்டுகள் எழாது. நுனி போனால் ஓட்டம் குறையும், மொட்டை எழுப்பும் சைட்டோகைனின் என்ற ஹார்மோன் கூடும். அதோடு, நுனி உறிஞ்சிக்கொண்டிருந்த சர்க்கரையும் மொட்டுகளுக்குத் திரும்பும். பட்டாணிச் செடியில் 2014ல் ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஆக்சின் குறைந்த சேதி எட்டுவதற்கு முன்பே கீழ் மொட்டுகள் சர்க்கரையைப் பெற்று வளரத் தொடங்கியிருந்தன.

என் அம்மா கொய்யாவில் நெட்டையாகப் போகிற கிளைகளை வளைத்து, கயிறு போட்டு முளைக்குச்சியில் கட்டிவிடுவார். நுனி தாழ்ந்ததும் அதன் அதிகாரம் தளர்ந்து, வளைவின் முதுகு முழுக்கத் துளிர் வரும். கொய்யா புதுத் துளிரில்தானே காய்க்கும். யாராவது அரிவாளோடு வந்தால் “வளைச்சா போதும்டா, தள்ளு” என்று கையைத் தட்டிவிடுவார். அந்தக் குரலை உங்கள் கடிதம்தான் ஞாபகப்படுத்தியது. தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், இரண்டு வருடமாகக் கன்று குச்சியாகப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் யோசனை கேட்க உங்களுக்குக் கிடைத்தவர் மருந்து விற்கிறவரா?

மாவை வளைக்க வேண்டாம், வெட்டுங்கள். செந்துளிர் முற்றிக் கரும்பச்சையான பிறகு, தரையிலிருந்து 60, 70 சென்டிமீட்டரில், இலைகள் கொத்தாக இருக்கும் கணுவுக்குச் சற்றுக் கீழே. கணுவுக்கு மேலே வெட்டினால் எல்லாத் துளிரும் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வரும், பின்னால் கிளை பிளக்கும். வெட்டுக்குக் கீழே நல்ல இலைகள் இருக்கட்டும். திசைக்கு ஒன்றாக மூன்று நான்கு துளிரை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். ஒட்டுக்குக் கீழே வருவதை வளரவே விடக்கூடாது. இந்த வருடம் பூ வந்தால் அதையும் கிள்ளிப் போடுங்கள். மனசு கேட்காது, இருந்தாலும் கிள்ளுங்கள். துளிர் எப்படி வந்தது என்று அப்புறம் எழுதுங்கள்.