ஒரு வருஷம் வைத்த பீர் கெட்டுப்போகாதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் இங்கிலாந்தில் மான்செஸ்டரில் வேலை பார்க்கிறான். வீட்டிலேயே 20 லிட்டர் கறுப்பு பீர், இம்பீரியல் ஸ்டவுட்டாம், தயாரித்து மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியில் வைத்திருக்கிறான். ஒரு வருஷம் கழித்துத்தான் திறப்பானாம். கடை பீரிலேயே ஆறு மாசத்துக்குள் குடிக்கச் சொல்லிப் போட்டிருக்கிறதே, இது கெட்டுப்போகாதா? வீட்டில் தயாரிப்பது அங்கே குற்றம் இல்லையா?
– ஒரு வாசகி, ஃபேர்லேண்ட்ஸ், சேலம்

பதில்: குற்றம் இல்லை அம்மா. பிரிட்டனில் 1963 முதலே சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க உரிமம் தேவையில்லை. விற்கத்தான் கூடாது. அந்தக் கவலையை விட்டுவிடுங்கள்.

கெட்டுப்போகுமா என்பது எந்த பீர் என்பதைப் பொறுத்தது. கடையில் கிடைப்பது பெரும்பாலும் லாகர் என்ற வெளிர்நிற பீர். புதுசாக இருக்கும்போதுதான் அதற்கு ருசி, நாளாக ஆக நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடை வந்துவிடும். உங்கள் மகன் செய்திருப்பது வேறு ஜாதி. 8 முதல் 12 சதவீதம் வரை ஆல்கஹால், கறுக்க வறுத்த பார்லி, தாராளமாக ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ. ஆல்கஹாலும் ஹாப்ஸும் கிருமிகளை அண்டவிடாது, வறுத்த மால்ட்டில், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியில், இருக்கும் சில பொருட்கள் காற்றால் வரும் கெடுதலை ஓரளவு தாங்கிக்கொள்ளும். 18ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் ஆலைகளில் இருந்து இந்த வகை ஸ்டவுட் கப்பலேறி ரஷ்ய அரசவை வரைக்கும் போயிருக்கிறது, ‘இம்பீரியல்’ என்ற பெயரே அப்படி வந்ததுதான்.

புதுசில் குடித்தால் கருகல் கசப்பு நாக்கில் நிற்கும், தொண்டை எரியும். புது மாங்காய் ஊறுகாயின் காரமும் உப்பும் ஜாடியில் இருக்க இருக்க ஒன்றோடொன்று சேர்ந்து அடங்குவதைப் பார்த்திருப்பீர்கள், இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். சில மாதங்களில் ஹாப்ஸ் கசப்பு இறங்கி, உலர்திராட்சை, அத்திப்பழம், வெல்லப்பாகு சாயலில் ஒரு ருசி மேலே வரும்.

ஆனால் சும்மா வைத்திருந்தால் எந்த பீரும் நல்ல பீராகிவிடாது. வருஷக்கணக்கில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. முதல் வாரத்தில், சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் ஈஸ்ட் எப்படி வேலை செய்தது என்பதில்தான் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. இவ்வளவு சர்க்கரை உள்ள கரைசலில் ஈஸ்ட் மும்முரமாகும்போது தானே சூடு கிளப்பும், அறை 20 டிகிரியில் இருந்தாலும் பாத்திரத்துக்குள் அதைவிட நாலைந்து டிகிரி கூடுதலாக ஓடும். அதைக் கவனிக்காமல் விட்டால் தின்னர் மாதிரி ஒரு நெடி ஏறிவிடும், அது ஒரு வருஷம் வைத்தாலும் முழுசாகப் போகாது. உள்சூடு 18 முதல் 20 டிகிரிக்குள் இருந்ததா, சாதாரண பீருக்குப் போடுவதைப் போல இரண்டு மடங்கு ஈஸ்ட் போட்டானா என்று மகனிடம் கேளுங்கள்.

அப்புறம் இன்னொன்று, இது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. பாட்டிலில் அடைக்கும் முன் ஹைட்ரோமீட்டரில் அளந்தானா? கரைசலின் அடர்த்தியைக் காட்டும் கருவி அது, சர்க்கரை குறையக் குறைய எண் இறங்கும். 1.090ல் ஆரம்பித்தது 1.025 பக்கம் வந்து, பல நாள் இடைவெளியில் அளந்தும் அதே எண் காட்ட வேண்டும். அப்போதுதான் நொதிப்பது முடிந்தது என்று அர்த்தம், ஆல்கஹால் எட்டரை சதவீதம் வாக்கில் இருக்கும். இறங்கிக்கொண்டிருக்கும்போதே மூடி போட்டால் உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு தெறிக்கிற விஷயம், விளையாட்டில்லை.

அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியின் மேலேயே மாசக்கணக்கில் விட்டால் சோயா சாஸ் வாடை வரும், அதனால் பீரை மட்டும் காற்றுப் படாமல் வேறு பாத்திரத்துக்கோ பாட்டிலுக்கோ மாற்றிவிட வேண்டும். பழுப்பு பாட்டில், இருட்டு, 10 முதல் 13 டிகிரி, பாட்டில் நிமிர்ந்து நிற்க வேண்டும். மாடிப்படிக்குக் கீழே நல்ல இடம்தான், பக்கத்தில் ஹீட்டர் குழாய் ஓடாமல் இருந்தால். ஒரு வருஷமும் மூடியே வைக்காமல் மூன்று மாசத்துக்கு ஒரு பாட்டில் திறந்து ருசியைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள். எட்டாம் மாசமே நன்றாக இருந்தால் பன்னிரண்டாம் மாசத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஏற்காட்டில் எங்களுக்குச் சின்ன காபித் தோட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் ஸ்டவுட் தயாரிக்கும் மருமகன் நம் காபியைப் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறார். என்ன கொட்டை அனுப்பலாம்?
– ஒரு வாசகர், ஏற்காடு

பதில்: நல்ல ஆசை. 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து நட்ட பயிர், சேர்வராயன் மலையின் நிழல் மரங்களுக்கும் மிளகுக் கொடிக்கும் நடுவில் இன்றைக்கும் நிற்கிறது. அந்த அரபிகாவையே அனுப்புங்கள். பொடியாக வேண்டாம், வறுத்த முழுக்கொட்டையாகவே போகட்டும். நடுத்தர வறுவல் போதும், ஸ்டவுட்டில் ஏற்கெனவே கருகல் நிறைய. நம் ஃபில்டர் காபிப் பழக்கத்தில் சிக்கரி கலந்ததை மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

எப்போது சேர்ப்பது என்பதுதான் முக்கியம். காபி வாசனை பீரில் சில மாதங்களிலேயே மங்கிவிடும், சில சமயம் குடைமிளகாய் மாதிரி ஒரு பச்சை நெடியாகவும் மாறும். அதனால் பீரை முதலில் தனியாகப் பழக்கிவிட்டு, பாட்டிலில் அடைப்பதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் கொட்டையைத் துணிப்பையில் கட்டி உள்ளே போட்டு எடுக்கச் சொல்லுங்கள். அடைத்தபின் சீக்கிரமே குடிப்பது நல்லது.

கேள்வி: ஏற்காடு குளிர்ச்சியான ஊர்தானே, இங்கேயே வீட்டில் இந்த பீரைத் தயாரித்து வைக்கலாமா?
– ஒரு வாசகர், லேடி சீட் அருகில், ஏற்காடு

பதில்: கூடாது. குளிர்ச்சி பொருத்தம்தான், சட்டம் இடம் தராது. 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், ‘எனக்கு மட்டும்தான்’ என்று சொல்லித் தப்ப முடியாது. ராஜாஜி முதன்முதலில் மதுவிலக்கை அமல்படுத்தியதே நம் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1ஆம் தேதி.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் தம்பி, தான் தயாரித்த ஸ்டவுட்டை மே மாசம் கொண்டு வருகிறான். சேலத்தில் பரண்மேல் வைத்துப் பழக்கலாமா?
– ஒரு வாசகர், அம்மாபேட்டை, சேலம்

பதில்: பரண் வேண்டவே வேண்டாம். மே மாசச் சேலத்தில் வெளியிலேயே 38, 40 டிகிரி, ஓட்டுக்கோ தளத்துக்கோ அடியில் இன்னும் அதிகம். அந்தச் சூட்டில் ஒரு வருஷத்து முதுமை சில வாரங்களிலேயே வந்துவிடும், அதுவும் கெட்ட மாதிரியான முதுமை. பாட்டிலில் உயிருள்ள ஈஸ்ட் இருந்தால் மறுபடி வேலையை ஆரம்பித்து வாயு ஏறவும் வாய்ப்புண்டு. சுங்க விதிப்படி பெரியவர் ஒருவர் 2 லிட்டர் மது வரியில்லாமல் கொண்டுவரலாம், தம்பி அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும். வந்ததும் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் நிமிர்த்தி வைத்து மண்டி அடங்கவிடுங்கள். குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து, சில்லிப்பு கொஞ்சம் குறைந்தபின், அடிமண்டியைப் பாட்டிலிலேயே விட்டுவிட்டு மெதுவாக ஊற்றுங்கள்.