டிரம் தேய்க்கற ஆர்வம் எங்க போச்சு?

கேள்வி: 2017ல டெங்கு பரவுனப்ப எங்க தெருவுல டிரம், தொட்டி, தேங்கா சிரட்டைன்னு ஒண்ணு விடாம தேய்ச்சு கவுத்தாங்க. இப்ப யாரும் கண்டுக்கறதில்ல, புகை மருந்து அடிக்க வரலைன்னு திட்டறதோட சரி. சாவு விழுந்தாதான் நம்ம ஜனம் கத்துக்குமா?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: பயத்துல பண்ற வேலை பயம் இருக்கற வரைக்கும்தாங்க. அந்த வருஷம் தமிழ்நாட்டுல 23 ஆயிரம் பேருக்கு மேல டெங்கு, சேலத்துலயும் நல்லாவே அடிச்சுது, அப்ப யாரு சொன்னாலும் கேட்டாங்க.

எங்க வீட்டுக் கதையச் சொல்றேன். நோட்டீஸ் குடுத்தாங்க, ஆட்டோல மைக் கட்டிக் கத்துனாங்க, எங்கம்மா “தண்ணி சேத்து வைக்காதன்னா எப்படி, மேட்டூர் தண்ணி தெனமுமா வருது?”ன்னு கதவச் சாத்திட்டாங்க. நியாயமான கேள்விதானே! அப்புறம் மருந்து ஊத்த வந்த பொண்ணு ஒண்ணு, எதுவும் பேசாம டிரம்முக்குள்ள டார்ச் அடிச்சு, ஒரு டம்ளர்ல மொண்டு அம்மா கையில குடுத்துச்சு, உள்ள பார்த்தா புழு தலைகீழா தொங்கிக்கிட்டு நெளியுது. அன்னிக்கே பழைய வேட்டியக் கிழிச்சு டிரம் வாயில கட்டுனவங்க, குழாயடில அதையே சொல்லிச் சொல்லி பக்கத்து நாலு வீட்டுலயும் கட்ட வச்சிட்டாங்க. இந்தக் கொசு ரொம்ப தூரம் பறக்காதுங்க, உங்களக் கடிக்கறது உங்க வீட்டுல இல்லைன்னா பக்கத்து வீட்டு டிரம்ல பொறந்ததா இருக்கும்.

புகை பறக்கற கொசுவத்தான் கொல்லும். முட்டை தண்ணி மட்டத்துக்கு மேல டிரம் சுவத்துல ஒட்டிக்கிட்டு, காஞ்சாலும் மாசக்கணக்கா உசிரோட கெடக்கும், மறுபடி தண்ணி ஏறினா பொரிச்சிடும். அதான் கவுத்து வச்சா பத்தாது, நார் போட்டு அழுத்தித் தேய்க்கணும். முட்டை கொசுவாக 7லருந்து 10 நாள் ஆகும்ங்கறதால வாரம் ஒருக்கா போதும், நாங்க வெள்ளிக்கிழமை வாசல் கழுவறதோட இதையும் சேத்துட்டோம். தனி வேலைன்னா நாலு வாரத்துல வுட்டுடுவோம், எனக்கே சோம்பேறித்தனம்தான். அம்மை போட்ட வீட்டு வாசல்ல வேப்பிலையப் பார்த்தா இன்னிக்கும் சட்டுன்னு உள்ள நொழையறமா? அதுக்கு யாரு நோட்டீஸ் அடிச்சாங்க?

அப்புறம், ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி தண்ணி தேங்கற டிரேயப் பார்த்தீங்களா? டிரம்முக்குத் துணி கட்டி ஒரு மாசம் கழிச்சு எங்க வீட்டுல மறுபடி புழு இருந்தது அங்கதான்.