அட்வான்ஸ் கட்டுமுன் பாஸ்போர்ட்டைத் திறந்து பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

கோடை விடுமுறை நெருங்குவதால், உல்லாசக் கப்பல் பயணத்துக்கான ஆவணங்கள் பற்றி நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து பல கடிதங்கள் வந்துள்ளன. ஒரே வகையான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து, பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இவ்விதழில் விடை தருகிறோம்.

கேள்வி: மே மாதக் கடைசியில் நானும் என் மனைவியும் மகன் குடும்பத்துடன் சிங்கப்பூரில் கப்பல் ஏறி, மலேசியாவின் பினாங்கு, தாய்லாந்தின் புக்கெட் ஆகிய ஊர்களைப் பார்த்துவிட்டுச் சிங்கப்பூருக்கே திரும்புவதாக ஏற்பாடு. என் பாஸ்போர்ட் அக்டோபர் வரை செல்லும். டிராவல்ஸ் வைத்திருக்கும் அண்ணாச்சி, “காலாவதி ஆகவில்லையே, தாராளமாகப் போகலாம்” என்கிறார். மகன் வேண்டாம் என்று தடுக்கிறான். யார் சொல்வது சரி?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை

பதில்: மகன் சொல்வதே சரி. பாஸ்போர்ட் பயண நாளில் செல்லுபடியாக இருந்தால் மட்டும் போதாது. குறைந்தது இன்னும் ஆறு மாதமாவது அதற்கு ஆயுள் இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளின் விதி. கப்பல் நிறுவனங்கள் பெரும்பாலும் இந்த ஆறு மாதத்தைப் பயணம் முடியும் நாளிலிருந்து கணக்கிடுகின்றன. மே மாதக் கடைசியில் திரும்புகிறீர்கள் என்றால், நவம்பர் முடியும் வரையாவது அது செல்ல வேண்டும். அக்டோபரில் முடியும் பாஸ்போர்ட்டுடன் போனால், துறைமுகத்தில் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு குடும்பத்தை வழியனுப்பிவிட்டு நிற்க வேண்டியதுதான். தகுந்த ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிச் சென்றால் பல நாடுகள் கப்பல் நிறுவனத்துக்கே அபராதம் விதிக்கும் என்பதால், அங்கே நிற்கும் ஊழியரிடம் எவ்வளவு கெஞ்சினாலும் பயன் இராது. அந்தக் காரணத்தால் ஏற முடியாமல் போனவருக்குக் கட்டணமும் பொதுவாகத் திரும்பக் கிடைப்பதில்லை. டிக்கெட்டின் பின்னால் உள்ள நிபந்தனைகளில் இது தெளிவாகவே எழுதப்பட்டிருக்கும்.

பாஸ்போர்ட் முடிவதற்கு ஓராண்டு இருக்கும்போதே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருப்பதால், இதற்காக மதுரை மண்டல அலுவலகத்துக்கு அலைய வேண்டியதில்லை. பெரியவர்களுக்கான 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் முறையில் மேற்கொண்டு 2,000 ரூபாய். புதிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் எண் மாறிவிடும் என்பதால், கப்பல் முன்பதிவிலும் விசா விண்ணப்பத்திலும் புதிய எண்ணையே கொடுங்கள். பழைய பாஸ்போர்ட்டில் வேறு ஏதேனும் நாட்டு விசா உயிருடன் இருந்தால், அதையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளைகளின் பாஸ்போர்ட்டையும் இப்போதே எடுத்துப் பாருங்கள். சிறுவர்களுக்கு ஐந்தாண்டுக்கு மட்டுமே அது வழங்கப்படுவதால், தாய் தந்தையரின் பாஸ்போர்ட் நன்றாக இருக்க, பிள்ளையினுடையது சத்தமில்லாமல் முடிந்துபோயிருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உங்கள் பயணத்தில் இருக்கிறது. விமானத்தில் சிங்கப்பூர் சென்று இறங்குவது ஒரு நுழைவு. பினாங்கு, புக்கெட் சென்றுவிட்டுக் கப்பலில் மறுபடி சிங்கப்பூரில் இறங்குவது இரண்டாவது நுழைவு. ஆகவே உங்களுக்குத் தேவை பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா. விண்ணப்பிக்கும்போதே ஏஜெண்டிடம் கப்பல் செல்லும் வழியைக் காட்டுங்கள். விசா வந்ததும் அதில் எத்தனை நுழைவு என்று போட்டிருக்கிறது என்பதை நீங்களே படித்துப் பாருங்கள். சிங்கப்பூரின் மின்னணு வருகை அட்டையை, சென்று சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கப்பலில் திரும்பி இறங்கும்போது அதைப் புதிதாக நிரப்ப வேண்டும். இதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசின் தளம் அன்று.

மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா விலக்கு அளித்து வருகிறது. ஆனால் இத்தகைய சலுகைகள் காலக்கெடு வைத்து நீட்டிக்கப்படுபவை. சென்ற ஆண்டு போய்வந்த மைத்துனர் சொன்னதை இந்த ஆண்டுக்கு விதியாகக் கொள்ளாதீர்கள். மலேசியா, தாய்லாந்து இரண்டின் விதிகளையும் புறப்படும் மாதத்தில் அந்தந்த அரசுத் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவுக்கும் இதே கணக்குதான். ஏதென்ஸில் ஏறி, துருக்கியின் ஒரு துறைமுகத்தைத் தொட்டுவிட்டுக் கிரேக்கத் தீவுகளுக்குத் திரும்பும் கப்பலுக்கு, ஒருமுறை மட்டும் நுழையக்கூடிய ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) உதவாது. துருக்கியின் விசாவையும் தனியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: என் பாஸ்போர்ட்டில் பெயர் ‘இசக்கியம்மாள்’ என்று மட்டுமே இருக்கிறது, குடும்பப் பெயருக்கான இடம் காலியாக உள்ளது. கப்பல் டிக்கெட்டில் என் கணவர், அவருடைய பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகச் சேர்த்துப் பதிவு செய்துவிட்டார். எழுத்துக்கூட்டலும் வேறுபடுகிறது: பாஸ்போர்ட்டில் ஆங்கில ‘இ’, டிக்கெட்டில் ஆங்கில ‘ஐ’. இவ்வளவு சின்ன வித்தியாசத்துக்கா தடுப்பார்கள்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: தடுக்க இடமுண்டு. இனிஷியல் போட்டு எழுதும் நம் வழக்கம் உலகில் பெரும்பாலான கணினிகளுக்குப் புரியாது. பாஸ்போர்ட் விண்ணப்பத்திலேயே இனிஷியலை விரித்துத்தான் எழுதச் சொல்கிறார்கள். தந்தையின் பெயரோ கணவரின் பெயரோ முழுதாகக் குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்காரும், அல்லது அந்த இடம் உங்களுடையதைப் போலக் காலியாக இருக்கும்.

உங்கள் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில், அம்புமுனை போன்ற குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருப்பதைக் காண்பீர்கள். இயந்திரம் படிப்பது அந்த வரிகளைத்தான். டிக்கெட்டிலும் விசாவிலும் காப்பீட்டிலும் உங்கள் பெயர் அந்த வரியில் உள்ள எழுத்துக்கூட்டலின்படியே, ஓர் எழுத்துக்கூட மாறாமல் இருக்க வேண்டும். ஆதார் அட்டையில் எப்படி இருக்கிறது, பள்ளிச் சான்றிதழில் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் இங்கே கணக்கில் வராது. எழுத்துக்கூட்டல் பிழையைப் பயணத்துக்கு முன்பே சொன்னால் பெரும்பாலான நிறுவனங்கள் திருத்திக் கொடுக்கும். ஆகவே இன்றே உங்கள் ஏஜெண்டுக்குப் பாஸ்போர்ட் பக்கத்தின் நகலை அனுப்பி, திருத்திய டிக்கெட்டை எழுத்து வடிவில் பெற்றுக்கொள்ளுங்கள். “அதெல்லாம் பார்க்க மாட்டார்கள்” என்று தொலைபேசியில் கிடைக்கும் ஆறுதலை நம்பி இருந்துவிடாதீர்கள்.

குடும்பப் பெயர் காலியாக இருப்பது தனிச் சிக்கல். முன்பதிவுப் படிவம் அந்த இடத்தைக் காலியாக விட அனுமதிக்காது. சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு முறை போடச் சொல்கின்றன; சில வேறு வழி வைத்திருக்கின்றன. நீங்களாக எதையும் இட்டு நிரப்பாமல், அந்த நிறுவனத்திடமே கேட்டு நிரப்புங்கள். துபாயில் கப்பல் ஏறுவதாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை: ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள பாஸ்போர்ட்டுடன் சுற்றுலா விசாவில் வருவோரை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பர் முதல் அனுமதிப்பதில்லை. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. வெளிநாட்டுப் பயணம் இனியும் தொடரும் என்றால், அடுத்த மறுவெளியீட்டின்போது கணவரின் பெயரையோ தந்தையின் பெயரையோ குடும்பப் பெயர் இடத்தில் சேர்த்துவிடுவதே என் ஆலோசனை. திருமணம் ஆனதற்காகப் பெயரை மாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிய பாஸ்போர்ட்டைச் சாமி படத்துக்கு முன் வைத்துக் கும்பிடுங்கள், தவறில்லை. ஆனால் அதன் மேல் மஞ்சளோ குங்குமமோ வைக்காதீர்கள். புகைப்படத்திலோ அடியில் உள்ள அந்த வரிகளிலோ கறை படிந்தால், அது சேதமடைந்த பாஸ்போர்ட் என்று ஒதுக்கப்படலாம்.

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் விட்டார்களே, அது இப்போதும் உண்டா? பக்கத்தில்தானே இருக்கிறது, பாஸ்போர்ட் கட்டாயமா?
– வாசகர், திருச்செந்தூர்

பதில்: 2011 ஜூன் மாதம் தொடங்கிய அந்தச் சேவை அதே ஆண்டிலேயே நின்றுபோனது. நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குச் செல்லும் கப்பல், 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்டது. அது ஓடும் நாட்களை அந்நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னையிலிருந்து இலங்கைத் துறைமுகங்களுக்கு உல்லாசக் கப்பல் 2023 ஜூனில் சென்றது. எந்தக் கப்பலானாலும் பாஸ்போர்ட் கட்டாயம். இலங்கை அரசு கேட்கும் பயண அனுமதியையும் அதன் அதிகாரபூர்வத் தளத்தில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். தூரம் குறைவு என்பதால் ஆவணத்தில் சலுகை எதுவும் கிடையாது.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன், மயாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கும் மெக்சிகோவுக்கும் செல்லும் கப்பலில் எங்களை அழைத்துப்போக விரும்புகிறான். அங்கே பிறந்த பேரனுக்குப் பிறப்புச் சான்றிதழே போதும் என்கிறார்கள். அப்படியானால் எங்களுக்கு ஆதார் போதாதா? மகன் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறான். பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை முடிந்துவிட்டது, ஆனால் அங்கே தங்கும் அனுமதி நீட்டிக்கப்பட்டிருக்கிறது.
– ஒரு தாயார், கடையநல்லூர்

பதில்: பிறப்புச் சான்றிதழ்ச் சலுகை அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது, அதுவும் புறப்பட்ட அமெரிக்கத் துறைமுகத்துக்கே திரும்பும் கப்பலுக்குத்தான் பொருந்தும். பேரன் அங்கே பிறந்த குடிமகன் என்பதால் அவனுக்குப் பொருந்துகிறது. அவனுக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிடுவதே நல்லது. வழியில் உடல்நலம் கெட்டு ஒரு தீவிலிருந்து விமானத்தில் திரும்ப நேர்ந்தால் பிறப்புச் சான்றிதழ் கைகொடுக்காது. உங்கள் இருவருக்கும் இந்தியப் பாஸ்போர்ட்டும், பலமுறை நுழைய அனுமதிக்கும் அமெரிக்க விசாவும் வேண்டும். ஆதார் இந்தப் பயணத்துக்கு ஆவணம் ஆகாது. செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ளவர்கள் மெக்சிகோவில் இறங்கத் தனி விசா தேவையில்லை. பஹாமாஸில் இந்தியருக்கு என்ன கேட்பார்கள் என்பதைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கப்பலில் போய்வந்தால் அமெரிக்காவில் தங்கும் காலம் புதிதாகத் தொடங்கிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். முதலில் அனுமதித்த தேதிக்குள் ஊர் திரும்புவதாகவே திட்டமிடுங்கள்.

உண்மையில் கவலைப்பட வேண்டியது உங்களைப் பற்றியன்று, மகனைப் பற்றித்தான். வேலை விசாவின் முத்திரை முடிந்தவர்கள், தங்கும் அனுமதி உயிருடன் இருந்தால், கனடாவுக்கோ மெக்சிகோவுக்கோ 30 நாளுக்கு உட்பட்டுச் சென்று பழைய முத்திரையுடனே திரும்ப ஒரு விதி இடம் தருகிறது. கரீபியன் தீவுகளுக்கும் சேர்த்து அந்த விதி பொருந்துவது, மாணவர் விசாவிலும் கல்விப் பரிமாற்ற விசாவிலும் இருப்பவர்களுக்கு மட்டுந்தான். ஹெச்-1பி விசாவில் இருப்பவர் பஹாமாஸைத் தொட்டுவிட்டு வந்தால் அந்தச் சலுகை அவருக்கு இல்லை. கப்பல் மெக்சிகோவுக்கும் போகிறதே என்று சமாதானம் சொல்ல முடியாது. ஒரு தீவில் நின்றாலே கணக்கு மாறிவிடும். பல்கலைக்கழகத்தில் படிக்கும் நண்பன் பிரச்சினை இல்லாமல் போய்வந்தான் என்று கேட்டு, வேலையில் இருப்பவர்கள் சிக்கிக்கொள்வது இதனால்தான். கப்பலை மாற்றுவதா, மகன் கரையிலேயே இருந்துவிடுவதா என்பதைப் பணம் கட்டுமுன் அவனுடைய நிறுவனத்தின் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலில் செல்ல என்னென்ன வேண்டும்?
– வாசகர், வள்ளியூர்

பதில்: உள்நாட்டுப் பயணம் என்பதால் பாஸ்போர்ட் கட்டாயமில்லை, அரசு வழங்கிய புகைப்பட அடையாள அட்டையின் அசலே போதும். ஆனால் 1967ஆம் ஆண்டு விதிகளின்படி, தீவைச் சேராத இந்தியர் அங்கே நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். சுற்றுலாத் திட்டத்தில் செல்வோருக்கு அதை வழக்கமாக ஏற்பாட்டாளரே வாங்கித் தருவார். உங்கள் கட்டணத்தில் அது அடங்கியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்வதானால் அவர்களுக்கு விதிகள் வேறு.

கேள்வி: கப்பல் ஏறியதும் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்களாமே? தொலைந்துபோனால் என்ன செய்வது என்று என் மாமியார் பயப்படுகிறார்.
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: சில கப்பல்களில், சில வழித்தடங்களில் அப்படி உண்டு. துறைமுகக் குடியேற்ற அதிகாரிகளிடம் எல்லாப் பயணிகளின் ஆவணங்களையும் ஒன்றாகக் காட்டவே அவ்வாறு வாங்குகிறார்கள். கடைசி நாளில் திருப்பித் தருவார்கள். கொடுக்கும்போது ரசீது கேளுங்கள். புகைப்படப் பக்கத்தையும் விசாவையும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் பெட்டியிலும் ஒன்றைக் கைப்பையிலும் வையுங்கள். அத்தை மருந்து சாப்பிடுபவரென்றால், மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டையும் மாத்திரை அட்டைகளோடு சேர்த்தே வைத்திருங்கள். சமையலுக்கென்று கசகசா எடுத்துப்போக வேண்டாம். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் அது தடை செய்யப்பட்ட பொருள்.

கரையில் இறங்கும்போது கப்பலில் தரும் அடையாள அட்டையுடன் பாஸ்போர்ட்டும் தேவையா என்பதை ஒவ்வொரு துறைமுகத்திலும் தனித்தனியாகக் கேளுங்கள். ஊருக்கு ஊர் மாறும். அன்றாட நிகழ்ச்சி நிரல் தாளில் அந்தத் துறைமுகத்தின் கப்பல் முகவருடைய தொலைபேசி எண் இருக்கும். இறங்குமுன் அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நேரம் தவறிக் கப்பல் போய்விட்டால், அறைப் பெட்டகத்தில் இருக்கும் உங்கள் பாஸ்போர்ட்டைப் பல நிறுவனங்கள் அந்த முகவரிடம்தான் ஒப்படைத்துவிட்டுப் புறப்படும்.