இரண்டு கதவுள்ள பழைய காருக்கு, முன்பக்கம் மடங்கும் சீட் ஸ்டாண்டைப் பட்டறையில் செய்து பொருத்திக்கொள்ள முடியுமா?

முடியும். நான் செய்திருக்கிறேன், முதலில் தப்பாக, பிறகு ஒழுங்காக. தப்பாகச் செய்த கதையில்தான் உங்களுக்குப் பயன் அதிகம் என்பதால் அதையே முதலில் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டை 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரித்தார்களே, அந்த வண்டி. பிற்பாடு நம் நாட்டுக்கென்றே நான்கு கதவு வைத்தும் ஒன்றை விட்டார்கள். அதை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. இரண்டு கதவு வண்டியில் பின் சீட்டுக்குப் போக வேண்டுமானால் முன் சீட்டை அப்படியே முன்பக்கம் கவிழ்க்க வேண்டும். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பழைய சீட்டுகளை எங்கோ போட்டுவிட்டு, இந்தக் காலத்துச் சின்னக் கார் ஒன்றின் சீட்டுகளைத் தரையோடு போல்ட் போட்டு முறுக்கியிருந்தார். உட்கார நன்றாகத்தான் இருந்தது. பின்னால் ஏறத்தான் வழியில்லை. முழங்கால் வலிக்காரரான என் அம்மா ஒரு நாள் முயன்று பார்த்துவிட்டு, "நான் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன், நீ வண்டியைப் பத்திரமாகக் கொண்டுவா" என்றார்.

கோவை கணபதியில் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். இடது பக்க சீட்டுக்கு மட்டும், முன்னால் இரண்டு போல்ட்டில் சுழலும்படி எல் வடிவ இரும்பு ஆங்கிளில் ஒரு சட்டம் அடித்தோம். பின்னங்கால்கள் இரண்டும் ரப்பர் கட்டையின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தன. ஆள் உட்கார்ந்தால் அந்த எடையே அமுக்கிக்கொள்ளும் என்பது எங்கள் இருவரின் ஏகோபித்த முடிவு. ஒரு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள், மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன், கன்றுக்குட்டி ஒன்று குறுக்கே வர பிரேக்கை மிதித்தேன். பக்கத்தில் இருந்த மைத்துனர் சீட்டோடு சேர்ந்து எழுந்து டேஷ்போர்டில் நெற்றியை இடித்துக்கொண்டார். "மாமா, எனக்கு முன்னால் சீட்டு இறங்கப் பார்க்கிறது" என்று சிரித்தாரே தவிர, நெற்றி புடைத்துவிட்டது. வேகம் கூடியிருந்தால் சிரிப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது.

நாங்கள் கோட்டைவிட்டது இங்கேதான். சீட்டின் கனம் சுழலும் அச்சுக்கு மேலே இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது அந்தக் கனம் முன்னால் ஓடப் பார்க்கும். அச்சு முன்னால் கீழே இருப்பதால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் சீட்டின் எடையைப் போல் 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்கின்றன. மடங்கும் சீட்டுக்குத் தானாகப் பூட்டிக்கொள்ளும் பூட்டும் கட்டாயம். என் சீட் 14 கிலோ. இருபது மடங்கென்றால் 280 கிலோ. சீட்டின் எடை மையம் அச்சிலிருந்து 300 மி.மீ. உயரத்திலும் பூட்டு அச்சிலிருந்து 400 மி.மீ. பின்னாலும் இருந்தால், பூட்டின் மேல் வரும் இழுவை ஏறக்குறைய 210 கிலோ. பின்னால் பெல்ட் போடாமல் இருப்பவர் வந்து முதுகில் மோதினால் கணக்கு இதோடு நிற்காது. ரப்பர் கட்டையை நம்பியிருந்த எங்களை என்ன சொல்வது?

இரண்டாம் முறை, இரும்பைத் தொடுவதற்கு முன் அட்டையைத் தொட்டேன். ஃபிரிட்ஜ் வந்த பெட்டி அட்டையில் சீட்டின் பக்கவாட்டு உருவத்தை முழு அளவில் வெட்டி, அச்சு வரவேண்டிய இடத்தில் ஆணி குத்தி, வண்டிக்குள் வைத்து ஆட்டிப் பார்த்தேன். சாய்மானத்தின் மேல்முனை எங்கே போய் இடிக்கிறது, கால் வைக்க எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. ஓட்டுநர் பக்கம் ஸ்டீயரிங் தடுத்ததால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன். உயரத்தையும் இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். தரைச்சட்டம், அச்சு, சீட் முன்பின் நகரும் தண்டவாளம் என்று ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் எனக்கு 55 மி.மீ. கூடியது, தலை கூரையில் முட்டியது. தண்டவாளத்தைச் சட்டத்துக்கு மேலே வைக்காமல் இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவே தொங்கவிட்டு அதில் பெரும்பகுதியை மீட்டேன்.

சட்டத்துக்கு 25 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. கனம், சாதாரண எம்.எஸ். இரும்பு. வீட்டில் கிடக்கும், துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாயை எடுத்துப் போகாதீர்கள்; பற்றவைக்கும்போது துத்தநாகப் புகை வரும், அன்று இரவே குளிர்ஜுரம் போல் வாட்டும்.

அச்சில் நான் செய்த தவறு பலரும் செய்வது. முழு நீளமும் மரை (திருகு வரி) உள்ள போல்ட்டையே அச்சாகப் போட்டிருந்தேன். மரை ஓட்டைக்குள் அரம் போல வேலை செய்து, ஒரே மாதத்தில் வட்ட ஓட்டையை முட்டை வடிவமாக்கிவிட்டது. இப்போது 12 மி.மீ. இ.என்.8 என்ற எஃகுக் கம்பியைக் கடைந்து அச்சாணியாகப் போட்டு, சட்டத்தில் கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் புஷ் (உள்வளையம்) அடித்து, ஓட்டையைத் துல்லியமாக்க ரீமர் விட்டு, அச்சாணி கழன்று வராமல் முனையில் ஸ்பிளிட் பின் மாட்டியிருக்கிறேன். ஆட்டம் இல்லை, கிறீச்சும் இல்லை. முன்பக்க அச்சு சுழன்றால் போதும் என்றும் நினைக்காதீர்கள். பின்னாலிருந்து யாராவது இடித்தால் உட்கார்ந்திருப்பவரின் முதுகு சீட்டைப் பின்னுக்குச் சாய்க்கும். அப்போது மேலே பிடுங்கப்படுவது அந்த முன் அச்சுதான்.

இனி பூட்டு. தரையில் 10 மி.மீ. கம்பியை இரண்டு தகடுகளுக்கு நடுவே நிறுத்தி, சட்டத்தின் பின்முனையிலிருந்து ஒரு கொக்கி இறங்கி அதைக் கவ்வும்படி செய்தோம். கொக்கி 6 மி.மீ. இரும்புப் பட்டையில் அறுத்தது. திரும்ப இழுக்க மொபெட் சைடு ஸ்டாண்டு ஸ்பிரிங். அதைவிட மலிவும் உறுதியும் உள்ள ஸ்பிரிங் எனக்குத் தெரியாது. முதலில் அடித்த கொக்கியைப் பூட்டிவிட்டு, பட்டறை அண்ணன் கடப்பாரையைச் சட்டத்துக்கு அடியில் கொடுத்து நெம்பினார். கொக்கி வழுக்கி விட்டுவிட்டது! கொக்கியின் சுழல் ஆணி, கம்பிக்கு நேர் மேலே இல்லாமல் 10 மி.மீ. விலகியிருந்தது. இழுக்க இழுக்க அந்த விலகலே கொக்கியைத் திறந்தது. ஆணியை நேர் மேலே மாற்றினோம். பிறகு அண்ணன் கடப்பாரையில் தொங்கியும் விடவில்லை. நீங்களும் இந்தக் கடப்பாரைச் சோதனையைச் செய்யுங்கள், வண்டியில் ஏற்றுவதற்கு முன்.

கொக்கி இரண்டு பக்கமும் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். இரண்டையும் ஒரே தண்டில் கோத்தால், வெல்டிங் சூட்டில் ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலும் இரண்டுமே முழுதாக விழாது. எனக்கு அப்படித்தான் ஆனது. அதனால் தனித்தனிக் கொக்கி, தனித்தனி ஸ்பிரிங். விடுவிக்கும் நெம்புகோல் மட்டும் பொது. அங்கிருந்து கொக்கிகளுக்கு சைக்கிள் பிரேக் கேபிள். கேபிளை விறைப்பாகக் கட்டாமல் இரண்டு மில்லிமீட்டர் தொய்வு விடுங்கள், இல்லையென்றால் கொக்கி பாதி கவ்வியபடியே நிற்கும்.

தரைத் தகடு இந்த வண்டிகளில் மெல்லியது, கார்ப்பெட்டுக்கு அடியில் துருவும் இருக்கும். துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைக்காமல் எதையும் முறுக்க வேண்டாம். அடியில் வாஷர் மட்டும் போட்டால் வேகமாக இடிக்கும்போது போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். பந்தயக் கார்களுக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. வைத்திருக்கும் விதி ஒவ்வொரு போல்ட்டுக்கும் 3 மி.மீ. எஃகுத் தகடும் 40 சதுர செ.மீ. பரப்பும் கேட்கிறது, நான் 75 மி.மீ. சதுரத்தில் வெட்டிப் போட்டேன். போல்ட் தலையில் 8.8 என்ற வலிமைத் தரம் பொறித்திருக்க வேண்டும். ஹெரால்டு ஆங்கிலேய வண்டி என்பதையும் மறக்க வேண்டாம். அதில் இருக்கும் 5/16 அங்குல யு.என்.எஃப். (அங்குல அளவின் நெருக்கமான மரை) மரையில் 8 மி.மீ. போல்ட் ஒரு சுற்று சமர்த்தாக ஏறும், அதற்குப் பிறகு மரையையே தின்றுவிடும்.

சீட் பெல்ட்டை இந்த மடங்கும் சட்டத்தில் கட்டவே கூடாது. அது வண்டி உடலிலோ சேஸிலோ தனித் தகடு வைத்துத்தான் இறங்க வேண்டும். பெல்ட் போல்ட் மட்டும், மெட்ரிக் வண்டிகளில்கூட, பெரும்பாலும் 7/16 அங்குல யு.என்.எஃப்.தான், கடையில் அப்படியே கேட்டு வாங்குங்கள்.

சட்ட விஷயம் கொஞ்சம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது, ஆகவே சீட்டுகளின் எண்ணிக்கையில் கை வைக்காதீர்கள். 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகளும் சேஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறாமல் இருக்க வேண்டும் என்கின்றன. நான் அதனால்தான் வண்டி உடலில் எதையும் பற்றவைக்கவில்லை. பழைய ஓட்டைகளிலேயே எல்லாம் போல்ட்டில் நிற்கிறது, நாளைக்கே கழற்றிவிடலாம்.

இப்போது அம்மா பின்னால்தான் ஏறுகிறார். சீட்டைத் திரும்பச் சாய்த்ததும் இடது கொக்கி ஒரு 'டக்', வலது கொக்கி ஒரு 'டக்' போடும். சென்ற வாரம் கார்ப்பெட் ஓரம் மடிந்து வலது கம்பியின் மேல் கிடந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. சாவியைத் திருகப் போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது: "ஒன்றுதானே கேட்டது? இறங்கிப் பார்."