யாரிடம் போவது, எத்தனை நாள் போவது?
வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 34. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கராக இருக்கிறேன். ஒன்றரை வருடமாக எதிலும் பிடிப்பு இல்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. ஆசையாகச் செய்துவந்த சமையலும் கோலமும் இப்போது பாரமாகத் தெரிகின்றன. 'மனநல ஆலோசகர்' என்று பலகை வைத்திருந்த ஒருவரிடம் பத்து அமர்வுகளுக்காக 15,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டிருந்தார். ஆழ்மனத்தை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். நான்காவது அமர்வில் என் ஜாதகத்தைக் கேட்டார். அதன்பிறகு ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். அவர் ஐந்து நிமிடம் பேசிவிட்டு மாத்திரை எழுதித் தந்தார். வயிற்றைப் புரட்டியதால் பதினோரு நாளில் நிறுத்திவிட்டேன். இனி யாரை நம்புவது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, ஒன்றரை வருடம் சரியான தூக்கமில்லாமல் வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு, இரண்டு இடங்களில் உதவியும் தேடியிருக்கிறீர்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது எனக்குத் தெரியும். 2015-16-ஆம் ஆண்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், சிகிச்சை தேவைப்பட்டும் அதைப் பெறாதவர்களின் விகிதம், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 விழுக்காடு வரை இருந்தது. நீங்கள் அந்தப் பெருங்கூட்டத்திலிருந்து விலகி வந்து கதவைத் தட்டியவர். முதலில் தட்டிய கதவு தவறாகப் போய்விட்டது என்பதற்காகத் திரும்பிப் போய்விடாதீர்கள்.

பலகையில் எழுதப்படும் சொற்களை முதலில் பிரித்துப் பார்ப்போம். மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்தபின் மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி., டி.பி.எம். ஆகியவற்றில் ஒன்றைப் படித்தவர். மருந்து எழுத உரிமை உள்ளவர். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலில் பதிவு எண் பெற்றிருக்க வேண்டியவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்னும் மருத்துவ உளவியலாளர், உளவியலில் முதுகலை முடித்து, ஆர்.சி.ஐ. என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் இந்திய மறுவாழ்வுக் கழகம் அங்கீகரித்த நிறுவனத்தில், பெரும்பாலும் இரண்டு ஆண்டு எம்.ஃபில். படிப்பாக, மூத்தவர்களின் மேற்பார்வையில் நோயாளிகளோடு பணியாற்றிப் பயின்றவர். 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அவர் பெயர் அக்கழகத்தின் மையப் பதிவேட்டில் இருக்க வேண்டும். அவர் மருந்து எழுதமாட்டார். பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பார். 'ஆலோசகர்', 'கவுன்சலர்', 'லைஃப் கோச்' என்ற பெயர்களில் நல்ல பயிற்சி பெற்றவர்களும் இருக்கிறார்கள், வார இறுதி வகுப்பு ஒன்றில் சான்றிதழ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் உள்ள 'டாக்டர்' பட்டம் வேறு ஏதோ ஒரு துறையின் முனைவர் பட்டமாகவும் இருக்கலாம். ஆகவே பலகையைப் படிப்பதோடு நின்றுவிடாமல் பதிவு எண்ணைக் கேளுங்கள். இந்த இரண்டு அமைப்புகளின் இணையதளங்களிலும் பெயரையோ எண்ணையோ இட்டு நீங்களே தேடிப் பார்க்கலாம். பத்து நிமிட வேலைதான்.

பதிவைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்துவந்த கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்களில் பெரும்பாலோர் பாசமுள்ள குடும்பத்தாரே. நடத்துகிறவர் யார், என்ன தகுதி, யார் அனுமதி கொடுத்தார்கள் என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. உங்கள் அனுபவம் அந்த அளவுக்குக் கொடியதல்ல என்றாலும், கேட்கத் தயங்கும் அதே பழக்கம்தான் உங்கள் பதினைந்தாயிரத்தையும் கொண்டுபோயிருக்கிறது.

பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. முதல் சந்திப்பிலேயே, என் சிரமம் என்னவென்று நினைக்கிறீர்கள், எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள், தோராயமாக எத்தனை அமர்வுகள் ஆகும், முன்னேற்றத்தை எப்படி அறிவோம், ஓர் அமர்வுக்கு என்ன கட்டணம் என்று கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் இவற்றுக்குப் பதில் சொல்லப் பழகியவராகவே இருப்பார். கேட்டதற்கே முகம் சுளிப்பவர், முழுமையாகக் குணமாக்கித் தருவேன் என்று உத்தரவாதம் தருபவர், மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பவர், மருத்துவராக இல்லாமலே மாத்திரையை நிறுத்தச் சொல்பவர், அமர்வுக்கு வெளியே தனிப்பட்ட நெருக்கத்தை வளர்க்க முயல்பவர் ஆகியோரிடம் இரண்டாம் முறை போக வேண்டியதில்லை. ஜாதகம் கேட்டவரிடமிருந்து நீங்கள் எழுந்து வந்தது சரியே.

ஆனால் அந்த மனநல மருத்துவரின் கதை வேறு. அவர் உங்களுக்கு ஐந்து நிமிடம் மட்டும் ஒதுக்கியது குறைதான். அதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. காலை நேரப் புறநோயாளிகள் வரிசையில் அறுபது பேர் காத்திருக்கும்போது எங்களில் பலரும் இந்தத் தவறைச் செய்கிறோம். என்றாலும் அவர் கொடுத்த மருந்து தவறானது என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது. விடியலுக்கு வெகு முன்பே விழிப்பு வருவதும், விரும்பிய காரியங்களில் நாட்டம் போவதும் மனச்சோர்வு நோயின் முக்கியமான அறிகுறிகள். அதற்குத் தரப்படும் மாத்திரைகளில் பல, முதல் ஓரிரு வாரங்களில் குமட்டல், தலைவலி, தூக்கக் கலக்கம் ஆகியவற்றைத் தரக்கூடியவை. பெரும்பாலும் அவை தாமாகவே தணிந்துவிடும். பலனோ இரண்டு முதல் நான்கு வாரங்களில்தான் தலைகாட்டும். முழுமையாகத் தெரிய ஆறு வாரங்கள்கூட ஆகலாம். பதினோராவது நாளில் நிறுத்திய நீங்கள், தொல்லையை முழுவதும் அனுபவித்துவிட்டுப் பலன் வருவதற்குச் சற்று முன்பாகத் திரும்பிவிட்டீர்கள். சாப்பாட்டுக்குப் பின் எடுத்துக்கொள்வதாலோ, அளவைக் குறைத்துத் தொடங்குவதாலோ, வேறு மருந்துக்கு மாறுவதாலோ தீர்ந்திருக்கக்கூடிய சங்கடம் அது. இதை அன்றே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியது அவருடைய கடமை.

மறுபடியும் போகும்போது அரைத்தாளில் சில வரிகள் எழுதிக்கொண்டு போங்கள். எப்போதிலிருந்து இந்த நிலை, எத்தனை மணிக்குத் தூங்கி எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், பசியும் எடையும் எப்படி, மாதவிடாயில் மாற்றம் உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா, வேறென்ன மாத்திரைகள் எடுக்கிறீர்கள், முன்பு தந்த மருந்து என்ன செய்தது என்பவை அதில் இருந்தால், அந்த ஐந்து நிமிடமும் பதினைந்து நிமிடத்தின் பயனைத் தரும். தைராய்டு சுரப்புக் குறைவும் இரத்தசோகையும் இதே போன்ற சோர்வைத் தரும் என்பதால், அந்தப் பரிசோதனைகள் தேவையா என்றும் கேளுங்கள்.

மருந்தோடு பேச்சுவழிச் சிகிச்சையும் சேர்வது உங்களுக்கு நல்லது. நம் எண்ணங்களையும் நடத்தையையும் ஆராய்ந்து மாற்றப் பழகும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்ற முறையில் வாரம் ஒரு முறை, முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை, பெரும்பாலும் பன்னிரண்டிலிருந்து இருபது அமர்வுகள் இருக்கும். அது ஆறுதல் கேட்டுவிட்டு வரும் இடம் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு அங்கே தரப்படும் வீட்டுப்பாடம் வியப்பாக இருக்கும். என்னிடம் வந்த ஒரு பெண்மணி, நடந்ததையும், அப்போது தோன்றிய எண்ணத்தையும், வருத்தம் நூற்றுக்கு எவ்வளவு என்பதையும் நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் கோடு போட்டு எழுதிவருவார். ஒரு நாள் பதிவு இப்படி இருந்தது: 'மேலாளர் என் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை. என்னை யாரும் மதிப்பதில்லை. வருத்தம் 80.' ஆறு வாரம் கழித்து, அதே போன்ற ஒரு நாளில், 'காதில் ஃபோன் வைத்திருந்தார், கவனிக்கவில்லை போலிருக்கிறது. வருத்தம் 30' என்று எழுதியிருந்தார். மேலாளர் மாறவில்லை. ஆறு வாரம் விடாமல் எழுதிய பயிற்சிதான் அந்த எண்பதை முப்பதாக்கியது. இரண்டாவது வாரத்தில் நின்றிருந்தால் அந்த நோட்டில் எண்பதுகள் மட்டுமே இருந்திருக்கும்.

ஒன்றை மட்டும் நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். சிகிச்சை பிடிக்கவில்லை என்றால், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். 'உங்களிடம் பேசும்போது எனக்குக் கூச்சமாக இருக்கிறது', 'நான்கு வாரமாகியும் மாற்றமில்லை', 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிப் பாருங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே அவிழும். அவிழாவிட்டால் தயங்காமல் வேறொருவரிடம் மாறலாம். அப்போது உங்கள் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றைப் பெறும் உரிமையும், நீங்கள் பேசியவை இரகசியமாகக் காக்கப்படும் உரிமையும் 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கின்றன. புதியவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நீங்களும் முதலிலிருந்து அழுது தொடங்க வேண்டியிருக்காது.

வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது தலைதூக்கினால் அடுத்த அமர்வுக்காகக் காத்திருக்கக் கூடாது. வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லுங்கள். அல்லது 14416 என்ற எண்ணை அழையுங்கள். அது அரசின் டெலி-மானஸ் இலவசச் சேவை. இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

கேள்வி: என் மகளுக்கு வயது 23. படபடப்பும் மனச்சோர்வும் இருந்ததால் ஏழு மாதமாக மாத்திரை எடுத்துவருகிறாள். கடந்த மூன்று மாதமாக முழுவதும் நன்றாக இருக்கிறாள். இப்போது வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். மாத்திரை பழக்கமாகிவிடும், நாளை பிள்ளை பெறுவதற்கும் தடையாகும் என்று என் நாத்தனார் சொல்கிறார். நிறுத்திவிடலாமா?
— ஒரு தாய், விருதுநகர்

பதில்: அம்மா, இப்போது நிறுத்த வேண்டாம். முதல் முறையாக மனச்சோர்வு வந்து குணமானவர்கள், நன்றாக ஆன நாளிலிருந்து மேலும் ஆறு முதல் ஒன்பது மாதங்கள் அதே அளவில் மருந்தைத் தொடர வேண்டும் என்பதே பொதுவான வழக்கம். உங்கள் மகள் நலமடைந்து மூன்று மாதமே ஆகிறது. இடையில் நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்புக் கூடுகிறது. அது திருமண வேலைகளுக்கு நடுவே திரும்பினால் அவளுக்குத்தான் வேதனை.

மனச்சோர்வு மாத்திரைகள் மதுவைப் போல அடிமையாக்குவதில்லை. ஆனால் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடலில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு எல்லாம் சிலருக்கு வரும். அதைக் கண்டு 'பார்த்தாயா, பழகிவிட்டது' என்று சொல்லிவிடுகிறார்கள். வாரக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்து நிறுத்தினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற பதற்றத் தணிப்பு மாத்திரைகள் வேறு வகை, அவை பழக்கமாகக்கூடியவைதான். அவற்றைப் பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கிக்கொண்டே போகக் கூடாது. தாமாகச் சட்டென நிறுத்தவும் கூடாது. மகளின் சீட்டில் எந்தெந்த மருந்து இருக்கிறது என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள். கருத்தரிப்பைப் பொறுத்தவரை, திட்டமிடும்போதே மருத்துவரைப் பார்த்தால் எதைத் தொடர்வது, எதை மாற்றுவது என்று முடிவு செய்ய முடியும்.

வரன் பார்க்கும் வீட்டில் மாத்திரை அட்டையை மறைத்து வைக்கும் வழக்கத்தையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெண்ணின் மாத்திரையைத் தரகர் கண்ணில் படாதிருக்க அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். மாதக் கடைசியில் அவள் கொண்டுவந்த அட்டையை மேசையில் வைத்து எண்ணினேன். முப்பதில் பதினேழு மிச்சமிருந்தது. அவள் வேண்டுமென்று தவறவிடவில்லை. கண்ணில் படாத பொருள் நினைவுக்கு வரவில்லை. மாத்திரை அவள் பல்துலக்கும் இடத்திலேயே இருக்கட்டும். மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா, எப்போது சொல்வது என்பதை அவளே தீர்மானிக்க வேண்டும். அவள் வயது வந்தவள், இரகசியமும் அவளுடையது. நிச்சயத்துக்கு முன் மணமகனிடம் அவள் வாயாலேயே சொல்லிவிடுவது நல்லது என்பது என் கருத்து. ஒளித்து விழுங்கும் மாத்திரையை எந்தப் பெண்ணும் நெடுநாள் ஒழுங்காக விழுங்குவதில்லை.

கேள்வி: லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். மனநல சிகிச்சைக்காக மாதம் இரண்டு முறை சென்னை போய்வரச் செலவும், அன்றைய கூலி இழப்பும் சேர்ந்து கட்டுப்படியாகவில்லை. விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
— வாசகர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: தம்பி, விட வேண்டாம், இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் மாவட்டத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருத்துவரும் மருந்தும் இலவசமாகவே கிடைக்கும். மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு உங்கள் பக்கத்துக்கு வரும் நாள் உண்டா என்று அங்கேயே விசாரியுங்கள். இருந்தால் அலைச்சல் இன்னும் குறையும். சென்னை மருத்துவரிடம் நோயின் பெயரும், மருந்தும், அளவும் எழுதிய ஒரு கடிதம் வாங்கி வந்து அங்கே காட்டுங்கள். அவர் சம்மதித்தால் இடையிடையே காணொளி வழியாகவும் ஆலோசனை பெறலாம். மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால், உடல்நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் பல பாலிசிகள் புறநோயாளிச் செலவை ஏற்பதில்லை, உங்கள் பாலிசியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதிய மருத்துவரிடம் முதல் நாளே நீங்கள் வண்டி ஓட்டுபவர் என்பதைச் சொல்லுங்கள். தூக்கம் தரும் மாத்திரைகளை இரவுக்கு மாற்றவோ, வேறு மருந்து தரவோ அவரால் முடியும். மருந்து மாறிய முதல் சில நாட்கள் காலையில் கண் அசந்தால், அன்று வண்டியை எடுக்காதீர்கள், அவரிடம் தெரிவித்துவிடுங்கள்.